ஒளிப்பெட்டி: முதியோர் தூக்கத்துக்கு வாங்கலாமா?

10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று அட்டையில் போட்டு விற்கும், பளிச்சென்ற விளக்கான ஒளிப்பெட்டி, முதியோரின் தூக்கத்தைச் சீராக்க உதவக்கூடியதுதான். ஆனால் அதை எந்த நேரத்தில் போடுவது என்பதில் கையேடுகள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன.

வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளாகும், கண்பாவை சுருங்கும். உடல் கடிகாரத்தைச் சரிசெய்யும் நீல ஒளி விழித்திரைக்குக் குறைவாகவே போய்ச் சேரும். பகலெல்லாம் வீட்டுக்குள் இருப்பவருக்கு இது இன்னும் மோசம். அறை விளக்கில் கிடைப்பது பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். வெளியிலோ மேகமூட்டமான பகலில்கூடப் பல ஆயிரம் உண்டு. தினமும் அரைமணி வெளியே நடக்க முடிகிறவர் பலருக்கு இது தேவைப்படாமலே போகலாம்.

"காலையில் எழுந்ததும் 30 நிமிடம்" என்பது கையேட்டின் வழக்கமான வாசகம். நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராமல், காலையில் தாமதமாக எழுபவருக்கு அது சரி. முதியோர் பலருக்குச் சிக்கல் தலைகீழானது: இரவு ஏழரைக்கே கண் சொக்கும், மூன்று மணிக்கு விழிப்பு தட்டும். இவர்கள் விடியலில் பெட்டியைப் போட்டால் உடல் கடிகாரம் இன்னும் முன்னால் நகர்ந்து, விழிப்பும் இன்னும் சீக்கிரமாகும். இவர்களுக்கு வெளிச்சம் தேவைப்படுவது மாலை 7 முதல் 9 மணிக்குள். பெட்டியைச் சற்றுத் தள்ளிவைத்து, ஒன்றிரண்டு மணி நேரம் படித்துக்கொண்டோ பேசிக்கொண்டோ இருந்தால் போதும். நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்தால் பெரிய விளக்கைப் போடக்கூடாது. தரையோரம் மங்கலான ஆரஞ்சு விளக்கு ஒன்று இருக்கட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, அந்த 10,000 லக்ஸ் எத்தனை சென்டிமீட்டரில் கிடைக்கிறது என்பதை. கையடக்கப் பெட்டிகள் பலவற்றில் 15 செ.மீ. தூரத்தில்தான் அது கிடைக்கும். காலை அரைமணிக்கு அந்தச் சின்னப் பெட்டியைக் கை நீட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, பலனே இல்லை என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். 30 செ.மீ. தூரத்திலும் 10,000 தரும் அகலமான பலகையே மேல். புற ஊதாக் கதிர் வடிகட்டி கட்டாயம். பெட்டியைக் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் வைக்கவும். நேராக உற்றுப் பார்க்க வேண்டியதில்லை.

பெட்டி இருந்தாலும் தினமும் எழும் நேரம் மாறக்கூடாது. பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன், அரைமணிக்குள் முடியட்டும். மாலையில் தலை சாய்ந்து அரைத்தூக்கம் போட்டுவிட்டால் அன்றைய வெளிச்சம் வீண்.

விழித்திரை நோய் உள்ளவர்களும், அமியோடரோன், டாக்ஸிசைக்ளின் போன்ற ஒளிக்கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இருமுனை மனநிலைக் கோளாறு இருந்தால் இந்த வெளிச்சம் மனக்கிளர்ச்சியைத் தூண்டிவிடக்கூடும். அங்கே மனநல மருத்துவரின் மேற்பார்வை அவசியம். முதல் சில நாட்களில் தலைவலியோ கண் உறுத்தலோ வந்தால், 10 நிமிடத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டவும்.