அரக்குப் பட்டும் என் ஷேட் கார்டும்

அண்ணன் மகள் போன வாரம் போனில் கேட்டாள், "அத்தை, நீங்க வெச்சிருக்கிற மாதிரி எம்பிராய்டரி நூல் ஷேட் கார்டு விலை குறைஞ்சிருக்கு, வாங்கட்டுமா?" என்று. சட்டென்று பதில் வரவில்லை. நாலு வருடமாக வாரத்துக்கு மூன்று நாளாவது அதைத் திறக்கிறேன், திறக்கிற நாளெல்லாம் ஒரு தடவையாவது திட்டுகிறேன்.

எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அசல் நூலையே துணுக்குத் துணுக்காகச் சுற்றி ஒட்டி, பக்கத்தில் அந்தந்த நிறத்தின் எண்ணைப் போட்டிருக்கும் கார்டு. அச்சடித்த கார்டையும் போனில் பார்க்கிற படத்தையும் நான் கணக்கிலேயே எடுப்பதில்லை, அதை நம்பி ஏமாந்த நூல் ஒரு பை நிறைய இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா ஒரு பிஸ்கட் டின் நிறைய நூல் வைத்துவிட்டுப் போனார், ஒன்றிலும் லேபிள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகக் கார்டின் மேல் வைத்துப் பார்த்ததில் முப்பதுக்கு மேல் எண் கண்டுபிடித்தேன். அம்மா பாதியில் விட்ட தலையணை உறையில் இலைக்குப் போட்டிருந்த பச்சையும் அதில் ஒன்று. கடையில் எண்ணைச் சொல்லி வாங்கி, அந்த இலையை முடித்தேன். அன்றைக்கே கார்டுக்குக் கொடுத்த காசு எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

இனி கோபம். அம்மாவின் அரக்குப் பட்டுக்கு பிளவுஸ் கழுத்தில் கொடி போட வேண்டியிருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு எல்இடி வெளிச்சத்தில் புடவையையும் கார்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன், ஒரு எண் அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்டு முடித்துக் காலை முகூர்த்தத்துக்குக் கட்டிக்கொண்டு மண்டப வாசலில் நின்றால், புடவை சிவப்பில் நிற்கிறது, கொடி காப்பிப்பொடி நிறத்துக்குப் போய்விட்டது! பட்டுக்கு ஏறிய சாயம் வேறு, பருத்தி நூலுக்கு ஏறிய சாயம் வேறு. ஒரு விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரியலாம், வெளிச்சம் மாறினால் இரண்டும் பிரிந்துவிடும். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயரே இருக்கிறதாம். பிளவுஸ் பிட் கடைக்காரர், "வெளியில வெளிச்சத்துல பாருங்கம்மா" என்று புடவையோடு நம்மைத் தெருவுக்கு அனுப்புகிறாரே, அதுவும் இதற்குத்தான். அந்தப் பேரைப் படிக்காமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது, கையில் கார்டு இருந்த திமிரில் எனக்குத் தெரியவில்லை. பிரித்துப் போடலாம் என்றால் பட்டில் ஊசி போன ஓட்டை அப்படியே நிற்கிறது.

இன்னொன்று, கார்டின் வெள்ளை அட்டை. வெள்ளைமேல் அடர்த்தியாகத் தெரிகிற நிறம் கருநீலத் துணிமேல் வெளிறிப் பளபளக்கும். பாரிஸ் கோப்லாங் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளர், சாயம் சரியில்லை என்று வந்த புகார்களை ஆராய்ந்து, சில புகார்களுக்குக் காரணம் சாயமல்ல, பக்கத்தில் இருக்கிற நிறம்தான் என்று கண்டுபிடித்து 1839-லேயே எழுதி வைத்துவிட்டார். அதனால் இப்போது ஓர் இழையை உருவித் துணிமேல் போட்டு, கண்ணைப் பாதி மூடிப் பார்த்த பிறகுதான் முடிவு. அம்மா கார்டே இல்லாமல் செய்தது இதைத்தான் என்பது தனி எரிச்சல். தையலும் நிறத்தை மாற்றும். நெருக்கிப் போட்ட சாட்டின் தையலில் மினுக்கும் நூல், முடிச்சுத் தையலில் நிழல் விழுந்து ஒரு படி கறுத்துவிடும்.

எண் மாற்றும் அட்டவணைகளைப் பற்றிப் பேசினால் ரத்தக்கொதிப்பு ஏறும். டிசைனில் டிஎம்சி கம்பெனி நூலின் எண் இருக்கும், நம்ம ஊர்க் கடையில் இருப்பது ஆங்கர் கம்பெனி நூல். கறுப்பு 310-க்கு 403 என்பதில் தகராறு இல்லை. ஆனால் 321 சிவப்புக்கு ஓர் அட்டவணை 47 என்கிறது, இன்னொன்று 9046 என்கிறது. இரண்டையும் வாங்கினேன், வேறென்ன செய்ய?

மயில்கழுத்து நிறத்துக்கு எந்தக் கார்டிலும் எண் தேடாதீர்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் ஓடுகிற துணி அது. ஊசியில் பச்சை ஓர் இழை, நீலம் ஓர் இழை சேர்த்துக் கோத்தால் ஓரளவு பக்கத்தில் வரும். இந்த யோசனை எனக்கு வந்ததே கார்டில் அந்த இரண்டு துணுக்கும் அடுத்தடுத்து இருந்ததால்தான், அதையும் சொல்ல வேண்டும் இல்லையா.

கடைசியில் அண்ணன் மகளிடம், "வாங்காதே, அந்தக் காசுக்கு நூலாகவே வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டேன். "சரி, அப்ப உங்க கார்டை ஒரு வாரத்துக்குக் குடுங்க" என்றாள். அது மட்டும் முடியாது, புடவையை எடுத்துக்கொண்டு காலை பத்து மணிக்குள் வீட்டுக்கு வா, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்ப்போம் என்றேன்.