சிம்சிட்டியும் விட்சர் 3-உம்: காசு கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது?

இரண்டும் கணினி கேம்கள். இரண்டையுமே தனியாக உட்கார்ந்து ஆடலாம். வாங்கியவரை நடத்திய விதத்தில்தான் வேறுபாடு.

2013 மார்ச்சில் இஏ என்ற கேம் நிறுவனம் வெளியிட்ட சிம்சிட்டிக்கு அப்போது இணைய இணைப்பு கட்டாயமாக இருந்தது. நீங்கள் கட்டிய நகரம் சேமிக்கப்பட்டதும் அவர்களுடைய சர்வரில்தான். வெளியான வாரமே சர்வர்கள் திணறின. முழு விலை கொடுத்தவர்கள் உள்ளே நுழையவே காத்துக் கிடந்தார்கள். சிலர் கட்டிய நகரமே காணாமல் போனது. பளுவைக் குறைக்க, ஆட்டத்தின் அதிவேக ஓட்டத்தையும் தற்காலிகமாக முடக்கினார்கள். அமேசான் டவுன்லோடு விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தியது. சமாதானத்துக்கு இஏ இன்னொரு கேமை இலவசமாகத் தந்தது. (வீட்டைப் பூட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு மிட்டாய் நீட்டுவதுபோல!) இணையம் இல்லாமல் ஆடும் வசதி வருவதற்கு 2014 மார்ச் ஆகிவிட்டது.

2015-இல் வந்த விட்சர் 3-ஐ ஜிஓஜி என்ற கேம் விற்கும் தளத்தில் வாங்கினால் எந்தப் பூட்டும் (நகலெடுப்பதைத் தடுக்கும் கட்டுப்பாடு) கிடையாது. இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். நாளைக்கு அந்தத் தளமே மூடினாலும் ஆட்டம் ஓடும். 2023-க்குள் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. பூட்டு உள்ள கன்சோல் (டிவியில் இணைத்து ஆடும் கருவி) பிரதிகளும் இதில் அடக்கம் என்பதால், பூட்டு இல்லாததால்தான் விற்றது என்று அடித்துச் சொல்லமாட்டேன். பூட்டு இல்லாததால் விற்பனை படுத்துவிடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.