அம்மாவின் விரலுக்குத் திறக்கும் போன்: டிஸ்பிளே மாற்றிப் பதினான்கு மாதம்

களுவாஞ்சிகுடியில் அம்மாவிடம் இருப்பது என் பழைய சாம்சங் ஏ51. சின்ன எழுத்து, இலக்கம் எதுவும் அவர் கண்ணுக்குப் பிடிபடாது; வலது பெருவிரலை வைத்துத்தான் திறப்பார். அது கிணற்றுக்கட்டில் விழுந்து டிஸ்பிளே நொறுங்கிப் போனது. மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் மாற்றினேன். படமும் வந்தது, டச்சும் வேலை செய்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் விரலுக்குத் திறக்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். தன் விரலில்தான் பிழை என்று நினைத்துவிட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிழை திரையில். இந்த மொடலில் கைரேகை சென்சர் திரைக்கு அடியில் சின்னக் கமரா மாதிரி இருக்கிறது. விரல் வைத்த இடத்தில் திரை பளிச்சென்று எரியும். விரலில் பட்டுத் திரும்பும் ஒளி திரையைத் தாண்டிக் கீழே வந்தால்தான் சென்சருக்கு ரேகை தெரியும். போனோடு வந்த அமோலெட் திரை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் வகை, அந்த ஒளியை விடும். எனக்குப் போட்டிருந்தது டிஎஃப்டி கொப்பி, அதாவது வேறு வகையில் செய்த மலிவான போலித் திரை. அதன் முதுகில் வெளிச்சத் தகடு இருப்பதால் ஒளி அங்கேயே நின்றுவிடுகிறது. இரவில் லைற்றை அணைத்துவிட்டுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்தேன். திரை முழுக்கச் சாம்பல் வெளிச்சம். அமோலெட்டில் கறுப்பு என்றால் கறுப்புத்தான், அந்த இடம் எரியவே எரியாது. கடையிலேயே கையால் மறைத்து இதைப் பார்த்திருக்கலாம்.

அப்புறம் கல்முனைக்குக் கொண்டுபோனேன். "அண்ணன், கொப்பி போட்டால் பிங்கர் வராது. சேர்விஸ் பேக்தான் போடவேணும், ஆனால் விலை கூட" என்று கடைத் தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார். சேர்விஸ் பேக் என்றால் பிரேமோடு வரும் சாம்சங்கின் அசல் திரை. இரண்டு மடங்குக்கு மேல் போனது. பழைய பிரேமில் ஒட்டியிருந்த நகத்தளவு சென்சரை மெல்லச் சூடுகாட்டிக் கழற்றி, தூசி துடைத்துப் புதியதில் வைத்தார். பழைய பதிவுகளை அழித்து, என் விரலைப் புதிதாகப் பதிந்து, நாலைந்து தரம் திறந்து பார்த்த பிறகே காசு கொடுத்தேன்.

பதினான்கு மாதமாகத் திறக்கிறது. இடையில் தடித்த டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியபோது மட்டும் அடம்பிடித்தது. உரித்துவிட்டு மெல்லிய பிலிம் ஒட்டி, விரலை மறுபடி பதிந்ததும் சரி. மீன் கழுவிய ஈரக்கைக்குத் திறக்காது, துடைத்துவிட்டு வைக்க வேண்டும். அம்மாவின் பெருவிரலையே இரண்டு தரம் பதிந்து வைத்திருக்கிறேன், அதனால் வேகமாகத் திறக்கிறது.

பக்கத்துப் பட்டனிலோ முதுகிலோ சென்சர் உள்ள போன் என்றால் கொப்பித் திரையால் கைரேகை போகாது. ஐபோன் 8 வரையுள்ள ஹோம் பட்டன் போன்களில் பழைய பட்டனையே பத்திரமாகக் கழற்றிப் புதுத் திரையில் போடச் சொல்லுங்கள்; வேறு பட்டனுக்கு டச் ஐடி என்ற கைரேகைத் திறப்பு வேலை செய்யாது.

இப்போது பற்றரி இறங்கத் தொடங்கியிருக்கிறது. நல்லவேளை, இந்தப் போனில் அதை முதுகுப் பக்கமாகவே மாற்றலாம், திரையைத் தொடத் தேவையில்லை.