ஷாட்கன்னா, ரைபிளா? சுவருக்கு அந்தப் பக்கத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

டல்லாஸ் பக்கம் புது வீட்டுக்குக் குடிபோன என் மச்சான் போன மாதம் போன் செய்தான். அவன் தெருவில் ஒரு வீட்டின் பின்கதவை உடைத்துத் திருடியிருக்கிறார்கள். "மாமா, ஷாட்கன் வாங்கட்டுமா, ஏ.ஆர். ரைபிள் வாங்கட்டுமா?" என்று கேட்டான். நான் பல வருடமாக டெக்சஸில் துப்பாக்கி சுடும் பயிற்சி இடமான ரேஞ்சுக்குப் போய் இரண்டையும் சுட்டுப் பழகியவன். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஷாட்கன் நமக்குப் புதிதல்ல. ஊரில் வங்கிப் பணம் வரும் வண்டியின் காவலர் தோளில் தொங்குமே இரட்டைக்குழல் துப்பாக்கி, அதுவும் ஷாட்கன்தான். அமெரிக்க வீடுகளில் பம்ப் வகை அதிகம், அதாவது குழலுக்குக் கீழே உள்ள பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை: ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500 போன்றவை. அதற்கான டபுள்-ஆட் பக் (சுருக்கமாக பக்) என்ற தோட்டாவைப் பிரித்து மேஜையில் கொட்டினால் பெரும்பாலும் ஒன்பது ஈயக் குண்டுகள் உருளும். ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு. விசையை ஒருமுறை இழுத்தால் ஒன்பதும் சேர்ந்து கிளம்பும்.

ஏ.ஆர்.-15 ரைபிளை 1950களின் பிற்பகுதியில் யூஜின் ஸ்டோனரும் அவர் குழுவும் ஆர்மலைட் நிறுவனத்தில் வடிவமைத்தார்கள். ஏ.ஆர். என்பது அந்த நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்த எழுத்துகள். ஒற்றைக் குண்டுதான், எடை சுமார் மூன்றரை கிராம். ஆனால் விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாயும்.

"ஷாட்கன் என்றால் குறி பார்க்கவே வேண்டாம், கதவுப் பக்கம் திருப்பிச் சுட்டால் போதும்" என்று சொல்லாத ஆளில்லை. ஐந்து மீட்டரில் ஒரு தாளை மாட்டிச் சுட்டுப் பார்த்தேன். ஒன்பது குண்டும் போன இடத்தை என் உள்ளங்கையால் மூடிவிடலாம். நம் ஹாலின் நீளமே அவ்வளவுதானே. குறி தப்பினால் ஒன்பதும் தப்பும், ஒன்பதும் எங்கேயாவது போய்ச் சேரும். பம்ப் இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான் என்பதையும் நான் நம்புவதில்லை. நீங்கள் இருட்டில் எங்கே நிற்கிறீர்கள் என்று அந்தச் சத்தம் அவனுக்குச் சொல்லிவிடும். 2013-இல் துணை அதிபராக இருந்த ஜோ பைடன், இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்குங்கள், ஆபத்து என்றால் வெளியே வந்து இரண்டு முறை சுடுங்கள் என்கிற மாதிரி யோசனை சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல ஊர்களில் அதுவே குற்றம்.

சரி, சுவருக்கு வருவோம். மச்சானிடம் நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். நம் ஊர்ச் செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொண்டு இங்கே எதையும் யோசிக்கக் கூடாது. படம் மாட்ட ஆணி அடிக்கும்போது பார்த்திருப்பீர்கள்: இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவே மரச்சட்டம், மற்றபடி காலி. பக் குண்டுகள் இப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைத் துளைத்துப் போகும். ரைபிள் இதைவிட மோசம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், முன்பு நானும் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கென்று விற்கும், பட்டதும் முனை விரிகிற வகை ரைபிள் குண்டு, எடை குறைவு என்பதால், முதல் சுவரிலேயே நிலைகுலைந்து புரளவோ உடையவோ ஆரம்பிக்கும். அதனால் பக் குண்டைவிடச் சீக்கிரம் வலுவிழப்பது உண்டு. உலோக உறை மூடிய, அப்படி விரியாத ராணுவ வகை முழு உறைக் குண்டை இதோடு சேர்க்காதீர்கள். எந்தக் குண்டானாலும் முதல் சுவரைத் தாண்டும் என்று வைத்துக்கொள்வதுதான் சரி. சுவரைத் தாண்டாதே என்று பறவை வேட்டைக்கான பொடி ரவைத் தோட்டாவை ஷாட்கன்னில் போட்டால், அது ஆளுக்குள்ளும் ஆழமாக இறங்காது.

உதைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 12 கேஜ் (கேஜ் என்பது குழலின் அகல அளவு) ஷாட்கன் தோளில் இடிக்கிற இடி ஏ.ஆரைவிடப் பல மடங்கு. என் மனைவி மூன்று தோட்டா சுட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டாள். அதே நாளில் ஏ.ஆரில் முப்பது சுட்டாள், தோட்டாக்கள் தாளில் ஒரே இடத்தில் விழுந்தன. பதற்றத்தில் பம்பைப் பாதி மட்டும் இழுத்தால் ஷாட்கன் சிக்கிக்கொள்ளும். அதில் பெரும்பாலும் ஐந்தாறு தோட்டாதான் பிடிக்கும். விலையில் ஷாட்கன் ஜெயிக்கும். சத்தத்தில் இரண்டுமே காதைக் கெடுக்கும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் ஏ.ஆர். வகைக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. அங்கே சாதாரண பம்ப் ஷாட்கன்தான் வாங்கச் சுலபம். நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: எச்1பி, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை. டெக்சஸில் 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைப்பதும் குற்றம். இரண்டில் எதை வாங்கினாலும் பூட்டுப்பெட்டியையும் சேர்த்து வாங்குங்கள். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை.

என் தேர்வைக் கேட்டால், மாதம் ஒருமுறையாவது பழகத் தயாராக இருப்பவருக்கு ரைபிள், அதில் விரிகிற குண்டு, முனையில் ஒரு விளக்கு. விளக்கை விடாதீர்கள். 1992-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்கு வீடு மாறிப் போன 16 வயது ஜப்பானிய மாணவனைத் திருடன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றார்கள். எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் விசையில் விரல் போகக் கூடாது. ஏ.ஆருக்குக் கட்டுப்பாடு உள்ள மாநிலத்தில் இருந்தால் 12 கேஜைவிடக் குழல் சிறிதான 20 கேஜ் ஷாட்கன்னைப் பாருங்கள், உதைப்பு குறைவு.

அடுத்த சனிக்கிழமை மச்சான் வீட்டுக்குப் போனேன். முதலில் பின்கதவுப் பூட்டுத் தகட்டுக்கு மூன்று அங்குல ஸ்க்ரூ முடுக்கினோம். அப்புறம் அவனைப் படுக்கையறை வாசலில் நிற்கவைத்து, ஹால் பக்கம் கையை நேராக நீட்டச் சொன்னேன். அந்தக் கோடு ஹாலைக் கடந்து, எதிர்ச் சுவரைக் கடந்து, பாப்பாவின் தொட்டிலில் போய் முடிந்தது. இரண்டு பேருமாகத் தொட்டிலைத் தூக்கி அறையின் மறுகோடியில் போட்டோம். துப்பாக்கி அவன் இன்னும் வாங்கவில்லை.