லுவார் கரையில் தங்குவதற்கு ஆம்புவாஸா, தூரா?

பிரான்சின் மிக நீளமான ஆறான லுவாரின் கரையோரக் கோட்டை மாளிகைகளைப் பார்க்கப் புறப்படுபவர்கள், எந்த ஊரில் அறை எடுப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. கடந்த செப்டம்பரில் நானும் என் மனைவியும் ஆம்புவாஸில் மூன்று இரவுகளும் தூர் நகரில் நான்கு இரவுகளும் தங்கினோம். மறுமுறை வாய்த்தால் ஏழு இரவுகளுக்கும் தூர் நகரிலேயே அறை எடுப்பேன். கார் இல்லாமல் ரயிலையும் சைக்கிளையும் நம்பிச் செல்பவர்களை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

அழகில் ஆம்புவாஸ்தான் முந்தும். பாறை மேல் நிற்கும் அரண்மனையும், லியொனார்டோ டா வின்சி 1516 முதல் 1519இல் இறக்கும்வரை வாழ்ந்த குளோ லூசே மாளிகையும் நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆற்றோரம் பெரிய சந்தை கூடுகிறது. தூர் நகரிலோ கடைத்தெருவும் டிராமும் மாணவர் கூட்டமுமாக, ஒரு சாதாரண நகரத்தின் இரைச்சல்தான் முதலில் காதில் விழும்.

ஆனால் மாலையில் அறைக்குத் திரும்பும் வழியை யோசித்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஆம்புவாஸின் ரயில் நிலையம் லுவாரின் வடகரையிலும் ஊர் தென்கரையிலும் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஆற்றைக் கடந்து நடக்க வேண்டியிருந்தது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்த முதல் நாளே களைத்துவிட்டோம். ஷேர் ஆற்றின் மேல் பாலம்போல் நீண்டு நிற்கும் ஷெனோன்ஸோ மாளிகை ஆம்புவாஸிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தாலும், அது வேறொரு ரயில் பாதையில் அமைந்திருப்பதால், தூர் பக்கமாகப் போய் வண்டி மாறித்தான் சேர முடிந்தது. தூர் நகரிலிருந்து அதே மாளிகைக்கு நேர் ரயிலில் அரை மணி நேரம்தான் ஆகிறது. இறங்கும் நிலையமும் மாளிகை நுழைவாயிலை ஒட்டியே இருக்கிறது. கோட்டை மாளிகைகள் உள்ள அஸே-லெ-ரிடோ, ஷினோன் ஆகிய ஊர்களுக்கு ஒரே பாதையில் ரயில் ஓடுவதால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பினோம். இந்தக் கிளைப் பாதைகளில் நடுப்பகலில் மணிக்கணக்கில் வண்டி இல்லாத இடைவெளிகள் உண்டு. திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒயின் சுவைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பிரான்சில் வண்டி ஓட்டுபவரின் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம் என்பதால், காரில் வந்தவர்களில் ஒருவர் கோப்பையைத் தொடாமல் இருக்க வேண்டும். ஷெனின் என்ற திராட்சை வகையில் வெள்ளை ஒயின் செய்யும் வூவ்ரே என்ற ஊர், தூர் நகரை அடுத்தே இருக்கிறது, பேருந்திலேயே போய்வந்தோம். மாளிகைகள் கட்டுவதற்காக வெட்டியெடுத்த வெண்ணிறச் சுண்ணக்கல் விட்டுச்சென்ற குகைகளே அங்கே ஒயின் கிடங்குகள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சட்டென்று உடம்பு சிலிர்த்தது.

தோட்டத்துக்கு வில்லாந்த்ரி மாளிகை. தூர் நகரிலிருந்து ஷேர் ஆற்றோரமாகவே ஏற்றமில்லாத சைக்கிள் பாதையில் போகலாம். 1906இல் அந்த மாளிகையை வாங்கிய ஜோக்கிம் கார்வாயோ மீட்டெடுத்த காய்கறித் தோட்டத்தில், ஒன்பது சதுரங்களிலும் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் நிறம் பார்த்துக் கோலம்போல் நடப்பட்டிருக்கின்றன.

உணவிலும் தூர் நகரின் சந்தைக் கட்டடம் எங்களுக்கு வசதியாக இருந்தது. அங்கே வாங்கிய சேன்-மோர் ஆட்டுப்பால் சீஸ், சாம்பல் பூசிய சிறு உருளையாக, நடுவில் ஒரு வைக்கோல் தண்டு செருகப்பட்டிருந்தது. தண்டை உருவி எடுத்துவிட்டு வில்லைகளாக நறுக்க வேண்டும் என்று கடைக்கார அம்மா செய்தே காட்டினார்.

ஷாம்போர் மாளிகை மட்டுமே முதன்மை நோக்கம் என்றால் என் பரிந்துரை பொருந்தாது. அதற்குப் ப்ளுவா நகருக்குச் சென்று பேருந்து ஏற வேண்டும், ப்ளுவாவுக்கு ஆம்புவாஸ்தான் பக்கம். அந்தப் பகுதியில் நான் கார் ஓட்டியதில்லை. வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு ஆம்புவாஸே வசதியாக அமையக்கூடும்.