அறுபது தாண்டிய பெண்களுக்கு எது முதலில்: புரதப் பவுடரா, எடைப் பயிற்சியா?

அம்மாவுக்குக் கால் தளர்கிறது என்றதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் வாங்குவது பவுடர் டப்பா. பணமோ நேரமோ ஒன்றுக்குத்தான் போதும் என்றால் எடைப் பயிற்சியை எடுங்கள். 1994இல் வெளியான பாஸ்டன் ஆய்வில் முதியோர் இல்லவாசிகள் 100 பேர் இருந்தார்கள். சராசரி வயது 87, பெரும்பாலும் பெண்கள். பத்து வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை இரு மடங்கைத் தாண்டியது. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமை கூடவில்லை.

நடைப்பயிற்சி போதாதா? இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான். ஆனால் தொடைக்கு விழும் சுமை தினமும் அதேதான். தசை வளரச் சுமை கூடிக்கொண்டே போகவேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், தினமும் நடப்பவராக இருந்தாலும் பயிற்சி தேவை.

ஜிம்மா, வீடா? உட்கார்ந்தபடி காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் முதுகுக்குச் சாய்மானம் உண்டு, எடையையும் படிப்படியாக ஏற்றலாம். வீட்டில் சறுக்குவது இங்கேதான்: 1 கிலோ டம்பெல்லுக்கு அடுத்தது 2 கிலோ, ஒரேயடியாக இரு மடங்கு. அதற்குப் பதில் துணிப்பையில் அரிசி போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து உட்காரலாம். எட்டு முறையில் தொடங்கி, பன்னிரண்டு முறை சுலபமாக வந்ததும் கால் கிலோ அரிசி கூட்டுங்கள். மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள் போதும். எழும்போது மூச்சை வெளியே விடவேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். முட்டி வலித்தால் தலையணை போட்டு இருக்கையை உயர்த்துங்கள். எலும்பு மெலிவு இருந்தால் குனிந்து தூக்குவதும் இடுப்பை முறுக்குவதும் கூடாது; அவர்களுக்கு வீட்டைவிடப் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும் ஜிம்மே மேல்.

பயிற்சி தொடங்கிய பிறகுதான் புரதக் கணக்கு. முதியவர்களுக்குத் தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 55–66 கிராம். நம் சாப்பாட்டில் ஓட்டை விழுவது காலையில். மூன்று இட்லியும் சட்னியும் சேர்ந்தே ஏழெட்டு கிராம்தான். இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம் கூடும். சைவர்களுக்கு 30 கிராம் மீல்மேக்கரில் 15 கிராம், அதே அளவு பொட்டுக்கடலையில் 6 கிராம் கிடைக்கும்.

இப்படிச் சாப்பிட முடிகிறவர்களுக்குப் பவுடர் தேவையில்லை. பல் இல்லாதவர், பசி செத்தவர், அறுவை சிகிச்சையிலிருந்து தேறுபவர் ஆகியோருக்குத்தான் அது கைகொடுக்கும். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் நல்ல வே (whey) பவுடர் 30 கிராமில் 22–24 கிராம் புரதம் இருக்கும். டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் 30, 40 கிராம் என்று போட்டிருந்தால் மீதியில் பெரும்பகுதி சர்க்கரையும் மாவும்தான். சர்க்கரை நோயாளிக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள். வயிறு உப்பினால் கான்சென்ட்ரேட் என்ற சாதாரண வே பவுடரை விட்டு, லாக்டோஸ் (பால் சர்க்கரை) மிகக் குறைந்த ஐசோலேட் வகைக்கு மாறி, அரை ஸ்கூப்பில் தொடங்கலாம். தைராய்டு மாத்திரை போட்ட கையோடு குடிக்கக் கூடாது, மாத்திரை உடலில் சரியாகச் சேராது. நான்கு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் டப்பாவைத் திறக்கவேண்டாம்: சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு எவ்வளவு புரதம் என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.