இரண்டு வாரக் கெடு: எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் ஒரு வருடம்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தபோது வீட்டுப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டும் முங்கிவிட்டது. தண்ணீர் வடிந்து, சேற்றை வாரி, வீட்டைக் கழுவிவிட்டபின் அவற்றை மொட்டைமாடியில் வெயிலில் பரப்பினோம், ஆனால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிரித்தால் எழுத்தோடு உரிந்து வந்தது. அறுபது, எழுபது புத்தகம் இருக்கும். போனது கூடப் பரவாயில்லை, அதில் பாதியை நான் திறந்தே பார்த்திருக்கவில்லை என்பதுதான் மனசை அறுத்தது. ஒவ்வொரு வருடமும் புத்தகத் திருவிழாவில் பை நிறைய வாங்கி வருவேன், அப்புறம் படிக்கலாம் என்று அடுக்குவேன், அந்த அப்புறம் வரவே வராது.

மறுபடியும் வாங்கி அடுக்க மனசு வராமல்தான் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் போய்ச் சேர்ந்தேன். ஆதார் நகல், ஒரு போட்டோ, முன்பணமும் சந்தாவும் சேர்த்து ஓட்டலில் ஒரு முழுச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. ஒரு வருடம் ஆகிறது. இங்கே திருநெல்வேலியில் ஜங்ஷன், டவுன், பாளை என்று எந்தப் பக்கம் இருந்தாலும் நடக்கிற தூரத்தில் ஒரு கிளை நூலகமாவது இருக்கும், அதை நினைக்காமலே கடந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நல்ல விஷயம். இரவல் புத்தகத்துக்குக் கெடு உண்டு. இரண்டு வாரத்தில் திருப்ப வேண்டும். சொந்தப் புத்தகம் அலமாரியில் சும்மா உட்கார்ந்திருக்கும், இது நாளை எண்ணிக்கொண்டே பையில் இருக்கும். எனக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வேலை, திருச்செந்தூர் பாசஞ்சரில்தான் போய்வருவது. ஜங்ஷனில் ஏறினால் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், அடுத்தது ஸ்ரீவைகுண்டம். முக்கால் மணி நேரத்துக்குள்தான், இத்தனை வருடமாக அந்த நேரம் முழுக்கப் போனிலேயே போனது. இப்போது ஏறி உட்கார்ந்ததும் புத்தகத்தை எடுத்துவிடுகிறேன். போகும்போது இருபது பக்கம், வரும்போது இருபது பக்கம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 200 பக்கம், அதாவது இரண்டு வாரக் கெடுவுக்குள் ஒரு நடுத்தர நாவல் முடிந்து மேலும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் பாதி ஆகிவிடுகிறது. இதற்காக நான் தூக்கத்தைக் குறைக்கவில்லை, டிவியை நிறுத்தவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, புத்தகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. ஊதா மையில் வரிசையாக முத்திரைகள், சில சாய்ந்தும் சில பாதி மட்டும் பதிந்தும் இருக்கும். போன மாதம் எடுத்த ஒரு சிறுகதைத் தொகுப்பில் 1994-லிருந்து தேதிகள் இருந்தன. வருடத்துக்கு ஏழெட்டு என்று இருந்த முத்திரை 2010-க்குப் பிறகு இரண்டு, ஒன்று என்று மெலிந்து, நடுவில் ஆறு வருடம் ஒன்றுமே இல்லை, அதற்கடுத்து என் தேதி. உள்ளே ஒரு கதையின் ஓரத்தில் யாரோ பென்சிலால் ‘இது எங்க ஆச்சி கதை’ என்று எழுதியிருந்தார்கள். கடையில் வாங்கும் புத்தகத்தில் இது கிடைக்காது.

நூலகர் நல்ல மனுஷி. ஒரு தடித்த நாவலை முடிக்க முடியாமல் தயங்கி நின்றபோது, “பைய படிங்க அண்ணாச்சி, வேற யாரும் கேக்கல, இன்னொரு தேதி போட்டுத் தாரேன்” என்றார். எந்த அலமாரியில் எது இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

குறையும் சொல்ல வேண்டும். அவர் லீவில் இருந்தால் தேடுவது பெரும்பாடு, நாவல் தட்டில் சமையல் புத்தகம், கவிதைக்குள் சோதிடம். புதிய புத்தகங்கள் தாமதமாகத்தான் வருகின்றன. மேஜைகள் எல்லாம் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் வசம். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், வீட்டில் இடமில்லாமல்தான் வருகிறார்கள், இன்னும் பத்து நாற்காலியும் ஓடுகிற ஒரு மின்விசிறியும் கிடைத்தால் எல்லோருக்கும் நிம்மதி. அதனால் அங்கே உட்கார்ந்து படிக்கப் போகாதீர்கள், எடுத்து வரப் போங்கள்.

1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்காக உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார், அதில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. கலைந்து கிடக்கும் அலமாரியின் முன்னால் நின்று தேடும்போதெல்லாம் எனக்கு அந்த விதிதான் ஞாபகம் வருகிறது. நாம் வீட்டுத் தீர்வை கட்டும்போது 100 ரூபாய் சொத்து வரிக்கு 10 ரூபாய் கணக்கில் நூலக வரியும் கட்டுகிறோம். கட்டுகிற பணத்துக்கு உள்ளே போய்ப் பார்க்கவும், நாற்காலி போடுங்கள் என்று கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. வசதி உள்ளவர்கள் 1000 ரூபாய் கட்டிப் புரவலராகவும் சேரலாம், நான் போன தைப்பொங்கலுக்குச் சேர்ந்தேன்.

என் மகள் ஆறாம் வகுப்பு. அவளுக்கும் ஒரு அட்டை போட்டிருக்கிறேன். அப்பா புத்தகத்துக்கு முன்னால் தன் புத்தகம் முடிய வேண்டும் என்று அவளாகவே ஒரு போட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்கிறாள், அவள் அம்மா திட்டுவதும் இல்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் கெடு வெள்ளியில் விழுந்தால் வியாழனே கொடுத்துவிடுங்கள். சாயங்காலத்தைவிடக் காலையில் கூட்டம் குறைவு. மழைக்காலத்தில் புத்தகத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டாயம், ரயில் ஜன்னல் சாரல் ஒரு நிமிடத்தில் அட்டையை ஊற வைத்துவிடும். மொட்டைமாடியில் காய வைத்துப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.